காலி வீட்டிலிருந்து வந்த புகை

ஐந்தாறு வருஷம் இருக்கும். ரப்பர் விலை கீழே விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்த காலம். நான் ஜொகூர் பாருவில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்; அப்புறம் எழுதாமல் இருந்தேன். என்னை நிறுத்தியபோது முதலாளி, வரவும் இல்லை செலவும் இல்லை, எழுத என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. என் மனைவிக்குப் படவில்லை. நாற்பது வயதில் வழுக்கையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

அந்த நேரத்தில்தான் ஒரு தற்காலிக வேலை வந்தது. ஜொகூர் தோட்டங்களில் நம் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு பேர் காய்ச்சலில் படுக்கிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்து ஓர் அறிக்கை தயாரிக்கப் போகிறார்களாம். எந்தத் தோட்டத்தில் காய்ச்சல் அதிகம் என்று தெரிகிறதோ அங்கே சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டவும், மருந்து கொடுக்கவும் உத்தரவு போகுமாம். தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்த ஆட்கள் தேவை. எனக்கு அந்தக் கொஞ்சம் தெரியும்.

வேலைக்கு முன்னால் ஒரு வாரம் பயிற்சி. ஒரு கடைவீட்டு மாடியில், கீழே கருவாடு காயும் வாசனையோடு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் மதராஸில் பட்டம் வாங்கிய ஓர் இளைஞர். எனக்குப் பத்து வயது இளையவர். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கிண்டல் பண்ணலாம் என்றுதான் போனேன். ஆனால் மனுஷர் பிரமாதமாகச் சொல்லிக்கொடுத்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மோசமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

அரிசிக் கடையில் மூட்டையைக் குத்திப் பார்க்கிற குத்தூசி இருக்கிறதே, அதை ஒன்று கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, ஒரு பிடி பார்த்தால் போதும். ஆனால் எங்கே குத்துவது என்று விற்பவன் சொல்லக் கூடாது, வாங்குபவனின் சோம்பேறித்தனமும் சொல்லக் கூடாது என்றார். அதனால் தோட்டத்துக்குப் போனதும் கதவுகளுக்கெல்லாம் வரிசையாக எண் போட வேண்டும். எந்த எண்ணில் ஆரம்பிப்பது என்று சீட்டு எடுக்க வேண்டும். அதிலிருந்து பத்து வீட்டுக்கு ஒரு வீடு. அந்த வீடு மேடோ பள்ளமோ, அங்கேதான் போக வேண்டும். பூட்டியிருந்தால் மறுபடி போக வேண்டும். என்ன ஆனாலும் அடுத்த வீட்டை அதற்குப் பதிலாக எழுதக் கூடாது.

அடுத்த வீட்டு அம்மா தானாகக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“காப்பியைக் குடிங்க. ஆனா எழுதாதீங்க,” என்றார். கூப்பிட்டுக் காப்பி கொடுக்கிற வீட்டையே எழுதிக்கொண்டு வந்தால், இந்த நாட்டில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பதாகத்தான் அறிக்கை வரும் என்று விளக்கினார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மரக்கடையில் இத்தனை வருஷம் கூட்டிக் கழித்திருக்கிறேன். எண்ணுவதற்கு முன்னால் யாரை எண்ணுகிறோம் என்று ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் மனைவிக்கு அதே பாடத்தை நடத்தினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, அப்படியானால் இனிமேல் பத்து நாளைக்கு ஒரு நாள் சமைத்துவிட்டு மற்ற நாளெல்லாம் சமைத்ததாக எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பாடம் அவளுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்திருந்தது.

எனக்குக் கிடைத்த இரண்டாவது தோட்டம் செனாய்க்கு அப்பால் உள்ளே தள்ளி இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிச் செம்மண் பாதையில் நடந்தேன். அங்கே கங்காணி குடையோடு காத்திருந்தார். நல்ல உபசாரம். இளநீர் வெட்டி வைத்திருந்தார். அதைவிடப் பெரிய உபசாரம், மனிதர்களையே தயாராக வைத்திருந்தார். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற மைதானத்தில், மரத்தடியில் ஒரு கூட்டம் வெளுத்த வேட்டியும் எண்ணெய் வைத்த தலையுமாக உட்கார்ந்திருந்தது. நான் நடந்து சிரமப்பட வேண்டாமாம், கீழே அட்டைக்கடி அதிகமாம், இவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டால் மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாமாம்.

குத்தூசியை எங்கே குத்துவது என்று விற்பவர் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பாடம் கண்முன்னால் நடப்பதைப் பார்த்துக் குஷியாகக்கூட இருந்தது. சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு கதவு கதவாக எண் போட்டேன். கங்காணி பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பைத்தியத்துக்குக் குடை பிடிக்கிற மாதிரி இருந்திருக்கும் அவருக்கு.

சாலை ஓரத்து மேட்டில் பலகை வீடுகள், புதிது. அதற்குக் கீழே பள்ளத்தில் இன்னொரு லயம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பழைய வரிசை வீடுகள். அதற்கும் கீழே சதுப்பு. அங்கே பகலிலேயே கொசு ரீங்காரம் போட்டது. சீட்டெடுத்து எண்ணிக்கொண்டே போனதில், பள்ளத்து லயத்தில் கடைசிக்கு முந்தின வீடு வந்தது.

“அது காலி வீடுங்க கிராணியாரே. பக்கத்து வீட்டை எழுதிக்குங்க. தங்கமான ஆளு, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுவான்,” என்றார் கங்காணி. தோட்டத்தில் கணக்கெழுதுகிற ஆள் யாரானாலும் கிராணிதான்.

நான் வீட்டைப் பார்த்தேன். கூரை இடுக்கு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது.

“காலி வீட்டுல யாருங்க அடுப்பு எரிக்கிறது?”

அவர் மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். மழை பெய்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்: “பேரு வெட்டியாச்சுங்க. பேரு இல்லேன்னா வீடு காலிதானே.”

தோட்டத்தில் வாழாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டில் வந்து நின்றால்தான் பேர். தொடர்ந்து நிற்காதவனின் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் அரிசி போச்சு, மருந்து போச்சு, வீட்டையும் காலி பண்ண வேண்டும். நிற்கிற தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. படுத்திருக்கிற தலைக்கு ஒன்றும் கிடையாது. ரப்பருக்கு விலையில்லாத நாளில் ஆட்களைக் குறைக்க இது தோட்டத்துக்கும் சௌகரியம். யாரையும் துரத்த வேண்டியதில்லை. காய்ச்சல் வந்து படுக்கட்டும் என்று காத்திருந்தால் போதும்.

நான் குனிந்து உள்ளே போனேன். ஒரு பெண், முப்பது வயது இருக்கலாம், ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். பானையில் மரவள்ளிக்கிழங்கு. அவளுக்கே கண்ணெல்லாம் மஞ்சள். மூலையில் கோணிச்சாக்குகளுக்கு அடியில் அவள் புருஷன் நடுங்கிக்கொண்டு கிடந்தான். வாசலில் கங்காணியின் குடையைப் பார்த்ததும் அவள் எழுந்து, இந்த வாரத்துக்குள் போய்விடுகிறோம் என்று அவரிடம் சொல்லச் சொன்னாள், என்னிடம்.

நான் விரட்ட வரவில்லை, கணக்கெழுத வந்திருக்கிறேன் என்றேன்.

“எங்க பேரைத்தான் வெட்டிட்டாங்களே சாமி. நீங்க எதுல எழுதுவீங்க?”

“என் கணக்கு பேரை வச்சு இல்லம்மா. கதவை வச்சு. உங்களுக்குக் கதவு இருக்குல்ல, அது போதும்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கதவு என்று சொல்ல அங்கே ஒரு தகரத் துண்டுதான் இருந்தது. அதன்மேல் நான் போட்ட எண் வெள்ளையாகத் தெரிந்தது.

கேள்விகளை ஆரம்பித்தேன். வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்குக் காய்ச்சல், போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள். முதலில் அவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. பார்த்துக்கொள்ள இவள் நின்றுவிட்டாள். அதனால் இவள் பேரும் போயிற்று. நான் பேசுவது காதில் விழுந்து, மூலையிலிருந்தவன் சாக்கை விலக்கிக்கொண்டு முழங்கையை ஊன்றினான்.

“நான் எந்திரிச்சு நிக்கணுங்களா?” என்று கேட்டான்.

பெரட்டு என்று நினைத்துவிட்டான்.

எனக்கு வாயைத் திறந்தால் ஏதாவது வேடிக்கையாக வந்து விழும். அப்படியே பழகின வாய். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. “வேணாம்பா, படுத்துக்க. இது படுத்திருக்கிறவங்களையும் எழுதுற கணக்கு,” என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

நான் கிளம்பும்போது அவள் கேட்டாள். “எழுதினா அரிசி குடுப்பாங்களா?”

யாருக்கும் ஆசை காட்டக் கூடாது என்பதும் பயிற்சியில் ஒரு விதி. தெரியவில்லை அம்மா, ஆனால் எழுதாமல் விட்டால் நிச்சயமாகக் கொடுக்க மாட்டார்கள் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

மேட்டில் ஏறும்போதுதான் கோபம் மெதுவாக வந்தது. பள்ளியில் கணக்குக்கு நான் வாங்கிய மார்க்கை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் இது மக்குக்கும் புரிகிற கணக்கு. காய்ச்சலில் படுத்தவன் பேரை வெட்டிவிட்டு, மீதி ஆட்களை எண்ணிப் பார்த்தால் காய்ச்சலே இருக்காது. எவ்வளவு வேகமாக வெட்டுகிறார்களோ அவ்வளவு ஆரோக்கியமான தோட்டம். காய்ச்சலை ஒழிக்க இப்படி ஒரு சுலபமான வழி எந்த டாக்டருக்கும் தோன்றியதில்லை. காய்ச்சல் குறைவாக இருக்கிற தோட்டத்துக்கு வடிகால் எதற்கு? வடிகால் இல்லாத இடத்தில் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற இந்தக் கணக்கை நிறுத்துவதற்கு என் கையிலிருந்த ஒரு வீடுதான் இருந்தது.

தோட்டத்து ஆபீஸில் எங்கள் பயிற்சி ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். மேற்பார்வை பார்க்கத் தோட்டத்துத் துரையின் காரிலேயே வந்திருந்தார். பெரிய கிராணி வீட்டுக் கோழிக் குழம்பு, வாழை இலை, வெற்றிலை எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு அவரைப் பார்த்ததும் சந்தோஷம். இவர்தானே புரிந்துகொள்ளக்கூடிய ஆள். நடந்ததை எல்லாம் கடகடவென்று கொட்டினேன்.

அவர் நான் எழுதியதைப் பொறுமையாகப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்த வீடு தோட்டத்தின் பேர்ப் பட்டியலில் இல்லை, அதனால் நம் விசாரணைக்குள் வராது, பக்கத்து வீட்டை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

எனக்குக் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. கதவைத்தான் எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே என்றேன். அது பொதுவான முறை, இடத்துக்குத் தக்கபடி மாறும் என்றார். துரைக்குப் பிடிக்காவிட்டால் நாளைக்கு எந்தத் தோட்டத்திலும் நம்மை உள்ளே விடமாட்டார்கள், ஒரு வீட்டுக்காக மொத்த விசாரணையும் நின்றுபோக வேண்டுமா என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. அந்தச் சங்கடத்தைப் பார்த்ததும்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாமல் செய்கிறவனிடம் சண்டை போட்டு என்ன பிரயோஜனம்? இவருக்கு எல்லாம் தெரியும்.

“நீங்களே யோசிச்சுப் பாருங்க. இத்தனை வீட்டுல ஒரு வீடு. சராசரியில என்ன பெரிசா மாறிடப் போகுது?” என்றார்.

“ஒண்ணும் மாறாதுன்னா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே சார். ஏன் எடுக்கணும்?”

கூட இருந்த பெரிய கிராணி வெற்றிலைச் சாற்றைத் துப்புவதற்காக வெளியே போனார். திரும்பி வரவில்லை.  என் ஆசிரியர் பேனாவைத் திறந்து, அந்த வீட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.  அழகான கோடு. பக்கத்து வீட்டுத் தங்கமான ஆளைக் கங்காணியே அழைத்துவந்திருந்தார். ஆசிரியரே அவனைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நான் கோபத்தில் வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் உதறுகிறேன் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் என்னை நீக்கிவிட்டார். அதிலும் என்னை முந்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது தோட்டக் கடைக்கு அரிசியும் கருவாடும் இறக்கிவிட்டு ஒரு லாரி ஜொகூர் பாருவுக்குத் திரும்பப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. லாரிக்காரர் ஒரு முஸ்லிம் வியாபாரி, நாகூர்ப் பக்கத்து ஆள், எனக்கு முகம் பழக்கம். விஷயத்தைச் சொல்லி, இரண்டு பேரை ஏற்ற வேண்டும், ஆனால் தோட்டத்துக்காரர்கள் உங்கள் வியாபாரத்தைக் கெடுத்தாலும் கெடுப்பார்கள் பாய் என்றேன்.

அவர் பீடியை அணைத்தார். “யாரையாச்சும் ஏத்திக்கிட்டுப் போனியான்னு கேட்டா, காலி வீட்டுல இருந்து நான் யாரைங்க ஏத்த முடியும்னு கேக்குறேன். போய்க் கூட்டிட்டு வாங்க.”

கோணிச்சாக்கை ஸ்ட்ரெச்சராக்கி அவள் புருஷனைத் தூக்கினோம். கால்மாட்டில் பிடித்தது யார் தெரியுமா? கங்காணி. பார்த்துப் பார்த்து, பதமாகத்தான் பிடித்தார். வீடு உண்மையிலேயே காலியாவது அவருக்கும் நல்லதுதானே.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள், சொன்னேன். தோட்டத்துக்கு விசாரித்து அனுப்பியதில், அப்படிப்பட்ட ஆள் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பேர்தான் இல்லையே. கடைசியில், கொண்டுவந்து சேர்த்த ஆளின் விலாசமே நோயாளியின் விலாசமாக ஆயிற்று. ஜொகூர் பாருவில், கோயிலுக்குப் பின் சந்தில், என் வீடு.

அவள் தேறிவிட்டாள். அவன் தேறவில்லை. கொண்டுவந்ததே தாமதம் என்றார் டாக்டர். கொள்ளி வைக்கச் சொந்தம் என்று இங்கே யாரும் இல்லாததால் நான் வைத்தேன். அவளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வேலையும் போய், கூட ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிற புருஷனை என் மனைவி என்ன செய்வாள் என்று வழியெல்லாம் பயம்.  அவள் உள்ளே போய் இன்னும் ஒரு படி அரிசியைக் களைந்து போட்டாள்.

கொஞ்ச நாளில் அறிக்கை வந்தது. தெரிந்தவர் ஒருவர் ஆபீஸில் காட்டினார். நல்ல தாள், தெளிவான அச்சு. காய்ச்சல் குறைவாக உள்ள தோட்டங்களில் அந்தத் தோட்டமும் இருந்தது. வடிகால் உத்தரவு வேறு இடங்களுக்குப் போயிற்று. என் ஆசிரியர் முன்னுரையில் விசாரணை நடந்த முறையை விவரித்திருந்தார். கதவுகளை எண்ணியது, சீட்டு எடுத்தது, பதிலுக்கு வேறு வீடு எழுதாதது எல்லாம். படித்துவிட்டு நான் வெளியே வந்து ரோட்டில் நின்று கத்தினேன். ஒரு ரிக்ஷாக்காரன் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வந்து நின்றான்.

அப்புறம் ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலுக்கு ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் எண்ணெய் டின்களோடு இரண்டு ஆட்களை அழைத்துக்கொண்டு வந்தார். இந்த விலாசத்தில் மலேரியா சாவு பதிவாகியிருக்கிறது, அதனால் சந்து முழுக்கக் கொசு ஒழிக்க வேண்டும் என்றார். என் சாக்கடையில் எண்ணெய் ஊற்றினார்கள். பின்கட்டுத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். துளசி மாடத்துத் தண்ணீரைக்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அந்த லயத்துப் பெண்தான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள்.

“நீங்க தேடுற கொசு இங்க இல்லீங்க. எங்க லயத்துக்குக் கீழ இருக்கு. நான் வேணா வந்து காட்டட்டுங்களா?”

எந்த லயம், எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, “அது என் எல்லை இல்லம்மா,” என்று சொல்லிவிட்டு, டின்னில் மீதி இருந்த எண்ணெயையும் எங்கள் சாக்கடையிலேயே ஊற்றச் சொன்னார்.

இதெல்லாம் நடந்து இத்தனை காலம் ஆகியும், ஓர் ஊரில் நோய் குறைந்துவிட்டது, ஒரு தோட்டத்தில் பசி குறைந்துவிட்டது என்று யாராவது சராசரி போட்டுக் காட்டினால் என்னால் சந்தோஷப்பட முடிவதில்லை. எண்ணப் போனவர் யார் வீட்டைத் தாண்டிப் போனார் என்று கேட்டு, சபையில் எல்லோர் முகத்தையும் சுளிக்க வைக்கிறேன், எழுந்து நிற்க வேண்டுமா என்று கேட்ட அந்த மனிதனுக்கு நான் கொடுக்கிற திதி அதுதான்.